கொலையாளி யாரென்று எழுதி மதிப்பெண் இழந்த கதை

முதுகலையில் சமகால ஐரிஷ் குற்றப்புனைவு என் விருப்பப் பாடம். துப்பறியும் நாவல்தானே, பஸ்ஸில் படித்தே தேறிவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'கதை எனக்கும் தெரியும்.'

கதைச் சுருக்கம் எழுதியதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருந்தது. அட்ரியன் மெக்கின்டியின் நாவல்களில் துப்பறியும் போலீஸ்காரன் ஷான் டஃபியை 'கார்டா' என்று எழுதியிருந்தேன். கார்டா தெற்கே, அயர்லாந்துக் குடியரசின் போலீஸ். டஃபி எல்லைக்கு வடக்கே, பிரிட்டன் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தில், அந்நாளில் அங்கிருந்த போலீஸ் படையான ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரியில் இருக்கிறான். புராட்டஸ்டன்ட்டுகள் நிறைந்த அந்தப் படையில் அவன் கத்தோலிக்கன். காரை எடுக்குமுன் குனிந்து அடியில் வெடிகுண்டு இருக்கிறதா என்று பார்க்கிறான். தொடர் தொடங்குவது 1981இல். பிரிட்டன் ஆட்சியை எதிர்த்து, போலீஸாரையும் குறிவைத்த ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த பத்துக் கைதிகள் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்த ஆண்டு அது. இதெல்லாம் தெரியாததால் அவன் குனிவதை நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் நோட்டில் நாவலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்: எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தப் போலீஸ், அப்போது நாட்டில் என்ன நடந்தது. தானா ஃபிரெஞ்சின் 'புரோக்கன் ஹார்பர்' (2012) அப்படித்தான் பிடிபட்டது. 2008 பொருளாதாரச் சரிவில் பாதியில் நின்றுபோன கடலோரக் குடியிருப்பு. வேலை போன கணவன். சுவரெங்கும் ஓட்டைகள், அவற்றை நோக்கித் திருப்பி வைத்த பேபி மானிட்டர்கள். சுவருக்குள் ஏதோ விலங்கு இருக்கிறது என்கிறான். தேர்வில் அந்தச் சுவரை மட்டும் வைத்தே இரண்டு பக்கம் எழுதினேன். கொலையாளியின் பெயர் வரவே இல்லை. (ஃபிரெஞ்சின் நாவல்களில் வரும் டப்ளின் போலீஸின் கொலைப் பிரிவு கற்பனை. நிஜம் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

ஜான் பான்வில், பெஞ்சமின் பிளாக் என்ற பெயரில் 2006 முதல் எழுதிய, க்வெர்க் என்ற பிணப்பரிசோதனை மருத்துவர் துப்பறியும் நாவல்களை முதலில் தள்ளி வைத்திருந்தேன். சமகாலத் தாளில் 1950களின் டப்ளின் எதற்கு? அதுவே கேள்வியாக வந்தது. அந்த நாவல்களில் நிழலாடும், திருச்சபை நடத்திய குழந்தை இல்லங்களின் கொடுமைகளை அரசு ஆணைய அறிக்கை விரிவாக வெளியிட்டது 2009இல்தான் என்று தொடங்கினால் பதில் தானாக வரும்.

வாய்மொழித் தேர்வு இருந்தால் ஒலிநூலும் கேளுங்கள். Siobhán என்ற ஐரிஷ் பெயரை எழுத்துக்கூட்டி நான் 'சியோபான்' என்றேன். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அது 'ஷிவோன்'.