குத்தகை முடியும் தேதி

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், நிதிப் பிரிவில் கணக்காளராக இருந்தேன். நூலகம், குப்பை அள்ளுவது, முதியோர் பராமரிப்பு எல்லாமே அந்தக் கவுன்சிலின் பொறுப்பு. 2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் வருடாவருடம் இறங்கிக்கொண்டே வந்தது. தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி, விலைவாசி உயர்வையும் சேர்த்துப் பார்த்தால், 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில் கவுன்சில்களுக்கான மத்திய நிதி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பிப்ரவரியில் பட்ஜெட். எதை மூடலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு பிப்ரவரியும் நான்தான் தட்டச்சு செய்வேன். ஒரு வருடம் அதில் இரண்டு கிளை நூலகங்கள் இருந்தன.

அந்த வருடம்தான் முதல் கட்டடத்தை வாங்கினோம். எங்கள் எல்லைக்கு வெளியே ஓர் அலுவலகக் கட்டடம், உள்ளே ஒரே ஒரு நிறுவனம். பணம், கவுன்சில்களுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான பொதுப்பணிக் கடன் வாரியத்திலிருந்து வந்தது. கவுன்சிலின் வருமானமே ஈடு என்பதால் வாரியம் அடமானம் கேட்காது. அந்த நாட்களில் விண்ணப்பித்து ஓரிரு நாளில் பணம் கணக்கில் வந்துவிட்டது. 50 வருடக் கடனுக்கு அப்போது வட்டி 2.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

கணக்குக்காக ஒரு கட்டடம் 2 கோடி பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீதம் வாடகை என்றால் வருடத்துக்கு 12 லட்சம். வட்டி 5 லட்சம். மீதி 7 லட்சம் நூலகத்துக்கு. கூட்டத்தில் எல்லோரும் பார்த்தது இந்த 7 லட்சத்தைத்தான். ஆனால் கடனின் அசலுக்காகவும் வருடந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். 50 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 4 லட்சம். கையில் நிற்பது 3 லட்சம். அதிலிருந்துதான் பழுதுபார்ப்பு, முகவர் கட்டணம், கட்டடம் காலியாகும் காலத்துக்கான சேமிப்பு. ‘கட்டடத்தை விற்றால் அசல் வந்துவிடும், அப்புறம் எதற்கு ஒதுக்கீடு?’ என்று பல கவுன்சில்களில் வாதிட்டார்கள். எங்கள் கூட்டத்திலும் அந்தப் பேச்சு வந்தது.

அந்த 7 லட்சத்தை ஆசையாகப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. பட்டியலிலிருந்து இரண்டு நூலகங்களின் பெயரை நீக்கிய மாலை இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு நிம்மதியாக நான் வீட்டுக்குப் போனது அபூர்வம். இதைப் பேராசை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தன் பைக்கு ஒரு காசு சேர்க்கும் எண்ணம் இல்லை.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மேலாளர் இருந்தார். ஒப்புதல் கையெழுத்துக்காக ஆவணத்தைக் கொண்டுபோனபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: “குத்தகை எப்போது முடிகிறது?” தேடிப் பார்த்துச் சொன்னேன், இன்னும் ஒன்பது வருடம். “கடன்?” 50 வருடம். சரி என்று தலையசைத்துவிட்டு, ஓரத்தில் இரண்டு எண்களையும் பென்சிலால் எழுதினார். நாங்கள் விலை கொடுத்து வாங்கியது பெரும்பாலும் அந்த ஒன்பது வருட வாடகையைத்தான். செங்கல்லுக்கும் கண்ணாடிக்கும் அவ்வளவு விலை கிடையாது. ஆள் இல்லாத அலுவலகம் வருமானம் தராமல் இருப்பதோடு நிற்காது. காப்பீடும் காவலும் போக, மூன்று மாதம் தாண்டினால் வணிகச் சொத்து வரியும் உரிமையாளர் தலையில் விழும்.

நாடு முழுக்க இதே வேகம்தான். ஸ்பெல்தோர்ன் என்ற சிறிய கவுன்சில் 2016-இல் சன்பரியிலுள்ள பிபி எண்ணெய் நிறுவனத்தின் வளாகத்தை 35 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2016-17 முதல் மூன்று ஆண்டுகளில் கவுன்சில்கள் வணிகச் சொத்தில் போட்டது 660 கோடி பவுண்டு, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைப் போல 14 மடங்குக்கும் மேல். 2019 அக்டோபரில் நிதியமைச்சகம் வாரியத்தின் வட்டியை ஒரு சதவீதப் புள்ளி ஏற்றியது.

இங்கே வணிக வாடகை பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே வரும். மார்ச் 25 அதில் ஒரு நாள். 2020-இல் ஊரடங்கு அறிவித்தது மார்ச் 23. இரண்டு நாள் கழித்து வீட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகக் கட்டடத்தின் வாடகை வந்தது. பிறகு வாங்கிய கடை வளாகத்தில் பாதிப் பேர் கட்டவில்லை. வாடகை பாக்கிக்காக வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டமும் வந்தது. அது நியாயம்தான், அவர்களும் கடையை மூடியிருந்தார்கள். ஆனால் அதே வாரம் பராமரிப்பு இல்லங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு கடைக்காரரின் வாடகைக்கும் ஒரு முதியவரின் பராமரிப்புக்கும் நாங்களே போட்ட முடிச்சை அன்று நேராகப் பார்த்தேன்.

எங்களுக்கு அது தாங்கக்கூடிய அடியாகவே முடிந்தது. குரோய்டன் கவுன்சில் 2018-இல் வாங்கிய ஹோட்டலை நடத்திய நிறுவனம் 2020-இல் நொடித்தது. வேறு பல காரணங்களும் சேர, அந்த நவம்பரில் அந்தக் கவுன்சில் 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. அதாவது, கட்டாயச் சேவைகள் தவிரப் புதுச் செலவு கிடையாது. அதே மாதம் நிதியமைச்சகம் வட்டியைத் திரும்பக் குறைத்து ஒரு நிபந்தனையும் போட்டது: லாபத்துக்காகச் சொத்து வாங்கத் திட்டமிடும் கவுன்சிலுக்கு வாரியத்தில் கடனே இல்லை. 2023 ஜூனில் வோக்கிங் கவுன்சில் 120 கோடி பவுண்டு பற்றாக்குறையோடு நின்றது. அசலுக்கு ஒதுக்க வேண்டியதை ஒதுக்காததும் அதில் ஒரு பங்கு. செய்தியைப் படித்தபோது அந்த நிதிப் பிரிவில் பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் யாரோ ஒருவரைத்தான் நினைத்தேன்.

நான் வேலை மாறுவதற்கு முந்தைய பிப்ரவரியில் பட்ஜெட் அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளைக் கூடுதலாகச் சேர்த்தேன். ஒவ்வொரு கட்டடத்தின் வாடகைக்கும் பக்கத்திலேயே குத்தகை முடியும் தேதி. அதற்கடுத்து, அந்த வாடகையில் நடக்கும் சேவையின் பெயர். கூட்டத்தில் கவுன்சிலர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகவில்லை. ஒருவர் விரலை வைத்து வரிசையாக இறங்கி, அலுவலகக் கட்டடத்தில் நிறுத்தினார். “இந்தத் தேதிக்குப் பிறகு இந்த நூலகம்?” என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தேன்.