ஐஐஎம் கேட் தேர்வுக்கு மதுரையில் வாத்தியார் தேடுகிறவர்களுக்கு

ஐஐஎம் எனப்படும் மேலாண்மைக் கல்லூரிகளில் எம்பிஏ சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் கேட் (CAT). மதுரையில் "கேட் கோச்சிங் எங்க இருக்கு?" என்று விசாரித்தால் பாதிப் பேர் இன்ஜினியரிங் படித்தவர்கள் எழுதும் அந்த இன்னொரு கேட்டுக்குத்தான் (GATE) வழி சொல்வார்கள். தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் "எம்பிஏ கேட், ஐஐஎம்முக்கு" என்று சேர்த்துச் சொல்லியே விசாரியுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் மட்டும் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. நல்ல ஆப்டிடியூட் வாத்தியார் ஒருவரும் பழைய வினாத்தாள்களும் போதும். இங்கே எழுதுவது கேட்டுக்கு மட்டும்.

வாத்தியாரைத் தேடும் முன் தேர்வைப் பற்றி ஒன்று மனதில் பதிய வேண்டும். கேட்டில் எதைப் போடுவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. மொத்தம் 2 மணி நேரம். ஆங்கில வாசிப்பு, டேட்டா–லாஜிக், கணக்கு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிஞ்சிய நேரத்தை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. 2024-இல் கேள்விகள் 24, 22, 22 என 68. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 போய்விடும். விடையை நாமே தட்டவேண்டிய 'டீட்டா' கேள்வியில் தவறினால் எதுவும் குறையாது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். கணக்குப் பகுதியில் ஒருவர் 16 கேள்வி போடுகிறார். 8 சரி, 8 தவறு. தவறியதில் 6 ஆப்ஷன் கேள்வி, 2 டீட்டா. அவருக்குக் கிடைப்பது 24-இல் 6 போக 18. இன்னொருவர் 10 மட்டும் போட்டு, அதே 8 சரி, 2 ஆப்ஷன் கேள்வி தவறு. அவருக்கு 22. இரண்டாமவருக்குத் தெரிந்த கணக்கு முதலாமவரைவிட ஒன்றுகூட அதிகமில்லை. முதலாமவர் அந்த 8 தவறான கேள்விகளில் செலவழித்த நேரத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. இந்த நாலு மதிப்பெண்ணை வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவரைத்தான் நாம் தேடுகிறோம்.

ஆகவே யாரையும் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மாக் (மாதிரித் தேர்வு) எழுதிவிடுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்று போதும். கைபேசியை அணைத்துவிட்டு 40, 40, 40 என்று கடிகாரம் வைத்து எழுதுங்கள். முடிந்ததும் ஒரு தாளில் கேள்வி எண், எத்தனை நிமிடம் ஆனது, சரியா தவறா விட்டதா, ஏன் என்று கோடு போட்டு எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் "சூத்திரம் தெரியல", "கேள்வி புரியல", "கூட்டலில் தப்பு", "விட்டிருக்கணும்" என்று நாலு காரணத்துக்குள் வருமாறு சுருக்குங்கள். இதை எழுத 3 மணி நேரம் ஆகும். சோம்பல்படாதீர்கள். இந்தத் தாள்தான் உங்கள் கையில் இருக்கும் டெஸ்ட் ரிப்போர்ட். இது இல்லாமல் வாத்தியாரைப் பார்க்கப் போனால் அவர் எல்லோருக்கும் நடத்தும் பாடத்தையே உங்களுக்கும் நடத்துவார்.

எந்தப் பகுதிக்கு ஆள் வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஐஐஎம்கள் மொத்த பெர்சன்டைலை (எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரைவிட முன்னால் இருக்கிறீர்கள் என்ற கணக்கு) மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கட்ஆஃப் உண்டு. கணக்கில் 98 எடுத்து ஆங்கிலத்தில் சறுக்கினால் அழைப்பு வராமல் போகலாம். நம் ஊரில் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, ஏற்கெனவே நன்றாக வரும் கணக்குக்கே டியூஷன் போவது. மனதுக்குத் தெம்பாக இருக்கும், கட்ஆஃப் மட்டும் அசையாது.

மதுரையில் பேங்க் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் சொல்லித்தர ஆள் பஞ்சமே கிடையாது. அந்த வாத்தியார்களில் அபாரமான திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் பேங்க் தேர்வு வேகத்தைக் கேட்கிறது. எண் தொடர், சுருக்குதல் என ஒரே மாதிரிக் கேள்விகளை ஷார்ட்கட்டில் முடிக்கச் சொல்கிறது. கேட் கணக்கில் விகிதம், சதவீதம், வேலை–நேரம் தவிர அல்ஜீப்ரா, எண்ணியல், வடிவியல் எல்லாம் கலந்து வரும், ஒரே கேள்விக்குள் இரண்டு தலைப்பும் வரும். அங்கே ஷார்ட்கட் பாதி வழியில் கைவிட்டுவிடும். "எம்பிஏ, பேங்க், எல்லாத்துக்கும் ஒரே பேட்ச்தான்" என்று சொன்னால் அடிப்படையைத் தட்டி எழுப்ப ஒரு மாதம் போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பழைய முறையில் நின்றுவிட்ட வாத்தியாரைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. "கேட்ல எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம் சார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "நூறு கேள்வி, மூணு மணி நேரம்" என்று பதில் வந்தால் அவர் 2019-ஓடு நின்றுவிட்டார். 2020-இல்தான் 2 மணி நேரமாகக் குறைந்தது. இது வெறும் தகவல் பிழை இல்லை. 60 நிமிடப் பகுதிக்கு வகுத்த திட்டத்தை 40 நிமிடத்தில் ஓட்டச் சொன்னால் மாணவர் கடைசிச் சில கேள்விகளைப் படிக்காமலேயே வெளியே வருவார்.

எங்கே தேடுவது? சுவரொட்டியிலும் ஆட்டோ முதுகிலும் தேடாதீர்கள். உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்தில், போன வருடம் கேட் எழுதிய சீனியர்கள் யார் என்று கேளுங்கள். தியாகராசர் மேலாண்மைக் கல்லூரி மாதிரி இடங்களில் முதலாண்டு படிப்பவர்கள் அண்மையில்தான் இந்தப் பரீட்சைகளைத் தாண்டி வந்திருப்பார்கள். திருச்சி ஐஐஎம்மில் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் வார இறுதியில் ஆன்லைனில் சொல்லித்தர ஒத்துக்கொள்வதும் உண்டு. புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலும் பெயர்கள் கிடைக்கும். 99 வாங்கியவர் எல்லாம் நல்ல வாத்தியார் ஆகிவிட மாட்டார். தனக்கு மின்னல் மாதிரி வரும் விடை அடுத்தவனுக்கு ஏன் வரவில்லை என்று பலருக்குப் புரியாது. 90-இல் தொடங்கி இரண்டாம், மூன்றாம் முயற்சியில் 97க்கு ஏறியவருக்கு எங்கெங்கே வழுக்கும் என்பது தெரியும். நான் இவரையே சொல்வேன்.

டெமோ கிளாஸில் அவர் தயாரித்து வைத்த பாடத்தைக் கேட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் மாக் தாளை நீட்டுங்கள். உதாரணத்துக்கு அதில் இப்படி ஒரு டீட்டா கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: x, y இரண்டும் முழுக்கள்; xy = x + y + 11 என்றால் எத்தனை (x, y) ஜோடிகள் உண்டு? மாணவர் 6 என்று எழுதியிருக்கிறார், விடை 12.

சுமாரான வாத்தியார் பலகைக்குத் திரும்பி, x-ஐயும் y-ஐயும் இடப்பக்கம் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் 1 கூட்டி, (x–1)(y–1) = 12 என்று எழுதி, மடமடவென்று முடித்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். நல்ல வாத்தியார் சாக்பீஸைத் தொடமாட்டார். "இந்த ஆறு எப்படிப்பா வந்துச்சு? சொல்லு" என்பார். மாணவர், "12-ஐ ரெண்டு எண்ணாப் பிரிச்சேன் சார். 1, 12; 2, 6; 3, 4. திருப்பிப் போட்டா ஆறு" என்பார். அப்போதுதான் தெரியும், காரணிகளாகப் பிரிக்கும் வேலை இவருக்கு ஏற்கெனவே வரும். 'முழுக்கள்' என்ற சொல்லைப் படித்தபோது –3, –4 போன்ற குறை எண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. குறை எண்களால் இன்னும் ஆறு சேர்ந்து 12. ஆக இந்தப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா பாடம் தேவையில்லை. கேள்வியில் 'முழுக்கள்', 'மிகை முழுக்கள்', 'வெவ்வேறு' என்ற சொற்களுக்கு அடிக்கோடிடும் பழக்கம்தான் தேவை. ஒரே தவறான விடையிலிருந்து இதைக் கண்டுபிடிக்கிறவரிடம் பணம் கொடுக்கலாம். அடுத்து "இதுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு? எந்த இடத்துல விட்டிருக்கலாம்?" என்றும் கேட்டுவிட்டார் என்றால் வேறு ஆள் தேட வேண்டாம்.

டேட்டா–லாஜிக் பகுதிக்கும் இதே சோதனைதான். ஒரே தகவலை வைத்துச் சில கேள்விகள் கேட்கும் செட்கள் நாலைந்து வரும். எல்லாவற்றையும் முதல் சில நிமிடத்தில் மேலோட்டமாகப் படித்து, இரண்டு அல்லது மூன்றை மட்டும் பிடிப்பது வேலை. செட்டைத் தீர்க்க மட்டும் சொல்லித்தந்து, தேர்ந்தெடுக்கச் சொல்லித்தராதவரிடம் பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

ஆங்கிலம்தான் மதுரையில் ஆள் கிடைக்காத பகுதி. கிடைப்பவர்கள் பெரும்பாலும் இலக்கணம் அல்லது ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவர்கள். கேட்டில் 24-இல் 16 கேள்வி நாலு பத்திகளை வைத்துத்தான். மீதி, வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, சாரத்தைத் தேர்வது போன்றவை. டென்ஸ், ஆர்ட்டிக்கிள் யாரும் கேட்பதில்லை. இங்கே வாத்தியாரிடம் ஒன்றே ஒன்று பாருங்கள்: சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்துகிறாரா, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றாக, பத்தியில் விரல் வைத்துக் காட்டுகிறாரா? பத்தியில் 'சில' என்று இருந்ததை ஆப்ஷன் 'எல்லா' என்று மாற்றியிருக்கும். பத்தியை எழுதியவர் மேற்கோள் காட்டி மறுத்த கருத்தையே அவருடைய கருத்தாக எழுதியிருக்கும். இந்தத் திருட்டுகளைக் காட்டிக்கொடுக்கத் தெரிய வேண்டும். அவர் அதைத் தமிழில் விளக்கினால் இன்னும் நல்லது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இதற்கு வெட்கப்படவே கூடாது. தர்க்கம் சொந்த மொழியில் புரிந்தால்தான் ஆங்கிலப் பத்தியில் அதைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் வாசிப்பை யாராலும் டியூஷனில் ஊட்ட முடியாது. தினம் ஒரு தலையங்கம், ஒரு நீண்ட கட்டுரை. தத்துவம், வரலாறு, சூழலியல், பொருளாதாரம் என்று மாற்றி மாற்றி. அதை வாரம் ஒருமுறை கேட்டு வாங்குகிறவராக மேடமோ சாரோ இருந்தால் போதும்.

ஃபீஸ் பேசும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல் மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். 30,000 ரூபாய்க்கு 100 மணி நேரம் என்றால் மணிக்கு 300. அதில் 40 பேர் உட்கார்ந்திருந்தால் உங்கள் தாளைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. வாரம் ஒரு மணி நேரம் தனியாக மாக் பார்த்துத் தருகிறவருக்கு மணிக்கு இரட்டிப்பாகக் கொடுத்தாலும் லாபம்தான். முழுப்பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். முதலில் நாலு வகுப்புக்குக் கொடுங்கள். பிறகு மாதாமாதம். இடையில் நின்றால் பணம் திரும்புமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். "99 பெர்சன்டைல் கியாரண்டி" என்பவரிடம் எழுந்து வந்துவிடலாம். பெர்சன்டைல் என்பது மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது, அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. மாக் டெஸ்ட் தொகுப்பைத் தனியாக வாங்குவதே நல்லது. வாத்தியார் தானே அடித்துத் தரும் தாள்களில் தரம் ஏறி இறங்கும்.

நாள் கணக்கும் முக்கியம். தேர்வு நவம்பர் கடைசியில் வரும், விண்ணப்பம் ஆகஸ்ட்–செப்டம்பரில். பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கினால் மூச்சுவிட நேரம் இருக்கும். சித்திரைத் திருவிழா வாரத்தில் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் எந்த வகுப்பும் ஒழுங்காக நடக்காது. அந்த வாரத்தை முன்பே கழித்துவிடுங்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் உங்கள் ஏரியாவின் மாதாந்திர மின்தடை நாளை வாத்தியாருக்குச் சொல்லிவிடுங்கள். ஜூலைக்குள் பாடம் முடிந்து மாக் தொடங்க வேண்டும். அக்டோபரில் வாரம் இரண்டு. ஃபைனல் இயர் பிள்ளைகளுக்கு நவம்பரில் செமஸ்டர் தேர்வும் சேர்ந்து வரும். அந்த மாதத்தில் புதுப்பாடம் எடுக்க நினைக்கும் வாத்தியாரை நீங்களே தடுக்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பத்தில் விருப்ப நகரம் கேட்கும்போது மதுரையை முதலில் போடுங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் எந்த ஷிஃப்ட் என்று பாருங்கள்: காலை 8:30, மதியம் 12:30, மாலை 4:30 என மூன்றில் ஒன்று. அன்றிலிருந்து மிச்சமுள்ள மாக் எல்லாவற்றையும் அதே நேரத்தில் எழுதுங்கள். வாத்தியாரிடம் சொல்லி அதற்கேற்ப வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்ட் விழுந்த உசிலம்பட்டி, மேலூர்ப் பிள்ளைகள் முதல் பஸ்ஸை நம்பாமல் முந்தின இரவே மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.