ஃபெரியில பறந்த கடலத் தோலு

1986 ஏப்ரல்ல ஹேலி வால்நட்சத்திரம் பாக்க சயின்ஸ் சார் கூட்டிட்டுப் போனத எங்க செட்டுல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. மலேசியாவுல எங்க பினாங்கு தீவுக்குப் பாலம் தொறந்து ஏழெட்டு மாசம் ஆகுது, ஆனாலும் சாருக்கு ஃபெரிதான், அக்கரையில பட்டர்வர்த்துல எறங்கி வேன் புடிச்சு தெருவிளக்கே இல்லாத எஸ்டேட் பக்கமாப் போயி ராத்திரி பூரா பாய் விரிச்சு படுத்துக் கெடந்தோம். வால்நட்சத்திரம் மங்கலாதான் தெரிஞ்சுச்சு. சார் தலைக்கு மேல கன்னி ராசிய காட்டி, அங்க 54 மில்லியன் ஒளியாண்டு தூரத்துல ஆயிரத்துக்கு மேல கேலக்ஸி கூட்டமா இருக்குடா, அந்தக் கூட்டத்துக்குள்ள போற கேலக்ஸி பழைய மாதிரி இருக்காதுன்னாரு. ஏன் சார்னேன். காலைல காட்டுறேன்னுட்டாரு.

விடிஞ்சு ஃபெரி மேல்தட்டுல நிக்கிறோம், கடல்ல காத்தே இல்ல, ஃபெரி கெளம்புனதும் மூஞ்சில அடிக்குது. சார் பொட்டலத்துல மிச்சமிருந்த வறுத்த கடலய உள்ளங்கையில வச்சு கசக்கி கைய விரிச்சாரு. செவப்புத் தோலு பூரா பின்னால பறந்துருச்சு, பருப்பு அப்படியே கையில. "காத்தா அடிச்சுச்சு? நாமதான்டா போறோம்."

கேலக்ஸி கொத்துல நடுவுல இருக்கிறது வெத்து எடம் இல்ல, பல மில்லியன் டிகிரி சூட்டுல மெல்லிசா வாயு நெறஞ்சிருக்கு, அதுக்குள்ள நொடிக்கு 1000 கிலோமீட்டர் கணக்குல பாயுற கேலக்ஸியோட சொந்த வாயு அந்த எதிர்க்காத்துல உரிஞ்சு போயிருது, நட்சத்திரங்க பருப்பு மாதிரி அப்படியே நிக்கும். வாயு போனா புது நட்சத்திரம் பொறக்காது, நீல நட்சத்திரங்க சீக்கிரம் எரிஞ்சு முடிஞ்சதும் கேலக்ஸி செவந்து போயிரும். 1972ல கன், காட்னு ரெண்டு வானியல்காரங்க இந்தக் கணக்க எழுதுனாங்க, 1980ல டிரெஸ்லர்னு இன்னொருத்தரு 55 கொத்த ஆராஞ்சு, நெரிசல் கூடக் கூட, புது நட்சத்திரம் பொறக்குற சுருள் கேலக்ஸி கொறையுதுன்னு காட்டுனாரு, இதெல்லாம் நான் யூனிவர்சிட்டி போயி படிச்சது. காத்து மட்டும் காரணமில்ல, பக்கத்துல வேகமா கடந்து போற கேலக்ஸிங்களும் இழுத்துக் குலைக்கும், சிலதுக்கு வெளியிலருந்து வர்ற வாயு நின்னுபோயி கையிருப்ப வச்சே மெல்ல மெல்ல அடங்கும். எனக்கு இந்தக் கடைசிதான் மனச ரொம்ப பிசையும்.

2014ல ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த இஎஸ்ஓ 137-001 படம் வந்துச்சு, நார்மா கொத்துக்குள்ள பாயுற சுருள் கேலக்ஸி, பின்னால நீலநீலமா இழை. பாத்ததும் அந்த ஃபெரிதான் ஞாபகம். அடுத்த தடவ மெல்போர்ன்லருந்து ஊருக்குப் போனப்ப சார் வீட்டு வராந்தாவுல ஃபோன்ல காட்டுனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஃபோன மூக்குகிட்ட வச்சுப் பாத்தாரு.

"இந்த நீலமெல்லாம் என்னடா?"

"உரிஞ்சு போன வாயுல புதுசா பொறந்த நட்சத்திரம் சார்."

"தோல்லயும் மொளைக்குதா"ன்னு கேட்டுட்டு ஃபோன திருப்பித் தரவேயில்ல, பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டே இருந்தாரு.