நான்கு துணிப்பட்டைகளில் புரிந்த கிராஸிங் ஓவர்

தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டின் ஆண்டிடைத் தேர்வு. முட்டையும் விந்தும் உருவாகும் செல் பிரிவில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான் கிராஸிங் ஓவர். அது எப்படி மரபு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று ஒரு கேள்வி. அரைப் பக்கம் எழுதினேன். 4 மதிப்பெண்ணுக்கு 1தான் கிடைத்தது. ‘சிஸ்டர் குரோமாட்டிடுகள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன’ என்ற வரியைச் சுற்றி ஆசிரியர் வட்டம் போட்டிருந்தார். குரோமாட்டிடு என்பது நகலெடுக்கப்பட்ட குரோமோசோமின் ஓர் இழை. ஒரே குரோமோசோமின் இரண்டு இழைகளான சிஸ்டர்கள் ஒன்றின் நகல் மற்றொன்று. ஒரே மாதிரி இருப்பவை தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் என்ன புதிதாக வந்துவிடும்? வரியை மனப்பாடம் செய்த எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் தேக்கா சென்டர் மேல்மாடியில் இருக்கும் அத்தையின் தையல்கடைக்குப் போனேன். வெட்டுத்துணிக் கூடையைக் கேட்டதும், “எடுத்துக்கோம்மா, தரையிலே மட்டும் போட்டுட்டுப் போயிடாதே” என்றார். சிவப்பில் இரண்டு பட்டை, மஞ்சளில் இரண்டு பட்டை. சிவப்பு அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோம், மஞ்சள் அப்பாவிடமிருந்து வந்தது. ஒரே நிறப் பட்டைகளை நடுவில் ஊக்கால் சேர்த்தேன், அதுதான் சென்ட்ரோமியர். சிவப்புப் பட்டைகளில் இரண்டு ஜீன்களுக்கு அடையாளமாகத் தையல் சாக்கால் பெரிய ஏ, பெரிய பி என்று எழுதினேன். மஞ்சளில் அதே ஜீன்களின் வேறு வடிவங்களாக (அலீல்கள்) சின்ன ஏ, சின்ன பி. இரண்டு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்பக்கம் இருக்கும் ஒரு சிவப்பையும் ஒரு மஞ்சளையும் ஏ-க்கும் பி-க்கும் நடுவே வெட்டி மாற்றிக் குத்தினேன்.

சரி, இப்போது நான்கையும் பாருங்கள். உள்ளே இருந்த இரண்டும்தான் மாறியிருக்கின்றன. வெளியே இருந்த சிவப்பும் மஞ்சளும் அப்படியே இருக்கின்றன.

ரீகாம்பினேஷன் விகிதம், அதாவது இப்படிக் கலந்து வந்தவற்றின் பங்கு, ஏன் 50 சதவிகிதத்தைத் தாண்டாது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. எல்லாச் செல்லிலும் அந்த இரண்டு ஜீன்களுக்கு நடுவே தவறாமல் ஒரு கிராஸிங் ஓவர் நடந்தாலும், ஒவ்வொன்றிலும் நான்கில் இரண்டு பட்டைதான் மாறும். பாதிதான் உச்சம். பல முறை நடந்தாலும் சராசரி பாதியைத் தாண்டுவதில்லை. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் இதைவிட அழகான இடம் இல்லை.

இதே கண்ணோடு மரபியலாளர் மார்கனின் பழ ஈக் கணக்கைப் பாருங்கள். சாம்பல் உடலும் இயல்பான சிறகும் கொண்ட ஹெட்டரோஸைகஸ் (இரண்டு ஜீன்களிலும் வெவ்வேறு அலீல்கள் உள்ள) பெண் ஈ, கருப்பு உடலும் குறைசிறகும் கொண்ட ஆண் ஈ. பெற்றோரைப் போன்றவை 965, 944. கலந்து வந்தவை 206, 185. மொத்தம் 2300. தனித்தனிக் குரோமோசோமில் இருக்கும் ஜீன்கள் என்றால் வகைக்கு 575 வந்திருக்க வேண்டும். 391-ஐ 2300-ஆல் வகுத்தால் 17 சதவிகிதம், அதாவது ஜீன்களுக்கு நடுவே உள்ள தூரத்தின் அலகில் 17 சென்டிமார்கன். பட்டைக் கணக்குப்படி, 100 செல்களில் ஏறக்குறைய 34-இல் அந்த இடைவெளிக்குள் ஒரு பரிமாற்றம் நடந்திருக்கிறது. பெண் ஈ ஏன் ஹெட்டரோஸைகஸாக இருக்க வேண்டும் என்றால், ஆண் பழ ஈயில் கிராஸிங் ஓவர் நடப்பதில்லை.

இந்த எண்களைத் தூரமாக மாற்றலாம் என்று முதலில் கண்டவர் ஸ்டர்டிவன்ட். அப்போது அவர் மார்கனிடம் படித்துக்கொண்டிருந்த இளங்கலை மாணவர். 1913இல் வெளிவந்த அவருடைய வரைபடம்தான் முதல் மரபணு வரைபடம். நம் வயதுக்காரர் ஒருவர் செய்தது என்று தெரிந்ததும் எனக்குப் பாடத்தின் மீதே பிரியம் வந்தது.

விடையில் விடக்கூடாதவை: புரோஃபேஸ் ஒன்று (இது நடக்கும் கட்டம்), ஹோமோலகஸ் ஜோடி (அம்மாவின் ஒன்று, அப்பாவின் ஒன்று), நான்-சிஸ்டர் குரோமாட்டிடுகள் (ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்), கயாஸ்மா (அவை குறுக்கே சேரும் இடம்). ‘புதிய அலீல்கள்’ என்று எழுதாதீர்கள், அது ஜீனையே மாற்றும் மியூட்டேஷனின் வேலை. இங்கே வருவது அலீல்களின் புதிய சேர்க்கை. அப்புறம், அடுத்து மெட்டாஃபேஸ் ஒன்றில் நடக்கும் இண்டிபெண்டன்ட் அசார்ட்மென்டை (ஒவ்வொரு ஜோடியும் மற்ற ஜோடிகளைச் சாராமல் வரிசையில் நிற்பதை) இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வறையில் துணி இருக்காது. கேள்வியைப் படித்ததும் தாளின் ஓரத்தில் நான்கு கோடு போட்டு, நடு இரண்டை மட்டும் குறுக்கே மாற்றி வரையுங்கள். நவம்பரில் ஏ லெவல் எழுதியபோது நான் முதலில் வரைந்தது அதைத்தான். பிறகுதான் பேனா வரிகளுக்குப் போனது.