குழுக் காப்பீடு முடிகிறது

பக்கத்து வீட்டுப் பாட்டி கடிதமும் கையுமாக வந்தார். வெள்ளக் காப்பீடு முடியப் போகிறதாம். "எனக்கு அப்படி ஒன்று இருந்ததா?" என்று என்னிடமே கேட்கிறார்.

இருந்தது. ஹூஸ்டன் வெள்ளத்துக்கு நிவாரணம் கொடுத்தபோதே ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) அதில் பிரீமியத்தைப் பிடித்துக் குழுக் காப்பீட்டில் சேர்த்துவிட்டது. 36 மாதம். நல்ல ஏற்பாடுதான்.

சிக்கல் அப்புறம். இனி சொந்தக் காசில் பாலிசி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் வீட்டுக்கும் சாமானுக்கும் ஃபீமா உதவி கிடையாது. கடிதத்தில் அந்த வரியைப் பாட்டி பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

2021 முதல் பிரீமியம் அந்தந்த வீட்டின் அபாயத்தை வைத்துத்தான். வீட்டுக்காரரின் வருமானத்தை யார் பார்க்கிறார்கள்?

பொதுவாக 30 நாள் கழித்துத்தான் புதுப் பாலிசி அமலுக்கு வரும். நாளைக்கே ஏஜெண்டைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.