தலையை எண்ணாதீர்கள், பங்கை எண்ணுங்கள்

அமெரிக்காவில் லகோட்டா பூர்வகுடியினரின் ஒதுக்கீட்டுப் பகுதியான பைன் ரிட்ஜில் ஒருவழியாக வண்டி பழுதுபார்க்கும் பட்டறை திறந்தாகிவிட்டது. காரைத் தூக்கும் லிஃப்ட் இரண்டு, பழைய டோ டிரக் ஒன்று, ஆறு பேருக்கு மாதச் சம்பளம். ஆறு பேரும் லகோட்டா மக்கள். நடத்துபவரும் லகோட்டா பெண்தான், ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர். லாபம் வந்தால் அது இளைஞர்களின் பயிற்சிக்கே போக வேண்டும் என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார். ரேபிட் சிட்டியில் கணக்காளராக இருக்கும் நான், சனிக்கிழமைகளில் போய் காகித வேலையைப் பார்த்துக் கொடுத்தேன்.

தெற்கு டகோட்டாவின் அந்தப் பகுதியில் கார் இல்லாமல் பிழைக்க முடியாது. கைல் என்ற ஊரிலிருந்து ரேபிட் சிட்டிக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆல்டர்நேட்டர் போனால் வேலையும் போய்விடும். அதனால்தான் பட்டறை.

நிறுவனப் பதிவும் வரி எண்ணும் சுலபமாக முடிந்தன. நகரத்து வங்கி ஒன்று நிலத்தை அடமானம் வைக்க முடியாது என்று கைவிரித்தது. பூர்வகுடியினரே நடத்தும் கடன் நிதியம் ஒன்று கைகொடுத்தது. கைலில் 1986-இல் லகோட்டா ஃபண்ட்ஸ் என்ற நிதியம் தொடங்கி வைத்த வழி அது.

எங்களை வாட்டியது நிலக் குத்தகை.

அது டிரஸ்ட் நிலம். சட்டப்படியான உரிமை மத்திய அரசின் பெயரில், பயன் பங்காளிகளுக்கு. 1887-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டு போட்டு ஆளாளுக்குக் கொடுத்தது. அதன்பின் நிலம் பிரியவில்லை, பங்குகள் மட்டும் தலைமுறைதோறும் பிரிந்துகொண்டே போயின. நம்மூர்க் கூட்டுப் பட்டாவை நான்கு தலைமுறையாக யாருமே பாகம் பிரிக்காமல் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. எங்கள் துண்டுக்கு 40 பேருக்கு மேல் பங்காளிகள்.

நில அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா, “எல்லாருடைய கையெழுத்தும் வந்தால்தான் ஃபைலை எடுப்பேன்” என்றார். நம்பினோம். டென்வருக்கும் மினியாபோலிஸுக்கும் கடிதம் போட்டோம். பாதி திரும்பி வந்தது. பட்டியலில் இருந்த சிலர் இறந்தே பல வருடமாகியிருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அவர் சொன்னது சட்டத்திலேயே இல்லை.

பட்டறைக்காரப் பெண்தான் கண்டுபிடித்தார். மத்திய அரசு விதித் தொகுப்பின் 25-ஆம் தலைப்பு, 162-ஆம் பகுதியை உட்கார்ந்து படித்திருக்கிறார். பங்காளிகள் 5 பேர் வரை என்றால் 90 சதவீதப் பங்கின் சம்மதம் வேண்டும். 6 முதல் 10 பேர் என்றால் 80, 11 முதல் 19 பேர் என்றால் 60. 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பாதிக்கு மேல் போதும். அதுவும் தலைக்கணக்கு இல்லை, பங்குக் கணக்கு. வாரிசு தீர்மானமாகாத இறந்தவர்களுக்காக அரசே சம்மதம் தரலாம் என்றும் அதில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டு, குமாஸ்தாவின் மேசையில் வைத்தார். அவர் உள்ளே போய் மேலதிகாரியோடு திரும்பினார். மேலதிகாரி படித்துவிட்டு, “சரி, இதன்படியே செய்யுங்கள்” என்றார். வருத்தம் தெரிவிக்க ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அப்புறம் பங்குப் பட்டியலைப் பெரிய பங்கு மேலே வரும்படி அடுக்கினேன். முதலிடத்தில் பழங்குடி அரசே இருந்தது! பூர்வகுடியினரின் டிரஸ்ட் கணக்கை மத்திய அரசு சரியாகப் பார்க்கவில்லை என்று தொடுத்த கோபெல் வழக்கில் 2009-இல் சமரசம் எட்டப்பட்டது. 2010-இல் அதற்கு ஒப்புதல் தந்த சட்டத்தின்படி, இப்படிச் சிதறிய பங்குகளை விற்க விரும்புகிறவர்களிடம் வாங்கிப் பழங்குடி அரசுகளிடம் சேர்க்க 190 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பைன் ரிட்ஜில் நிறைய பங்குகள் அப்படிக் கைமாறின. பழங்குடி மன்றத்தின் ஒரே தீர்மானத்தில் எங்களுக்குக் கால் பங்குக்கு மேல் வந்துவிட்டது.

மீதிக்கு, ஆகஸ்ட் பவ்வாவ் திருவிழாவில் மேசை போட்டோம். வெளியூரில் இருப்பவர்களும் அப்போது வருவார்கள். நோட்டரி ஒருவரையும் உட்கார வைத்தோம். ஒரு பாட்டி பட்டியலில் விரல் வைத்து மெல்ல இறங்கி வந்து தன் பெயரைப் பிடித்தார். எதிரே 288-இல் 1 என்று இருந்தது. “என் தாத்தாவின் நிலம் இது” என்றார். பேரனுக்குப் பட்டறையில் வேலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பேரன் இன்று டோ டிரக் ஓட்டுகிறான்.

அதன் பிறகும் ஒரு அலைச்சல். சர்வே வரைபடத்தில் வடகிழக்குக் கால் பாகம் என்று இருந்தது, விண்ணப்பத்தில் வடமேற்குக் கால் பாகம் என்று தட்டச்சாகி வந்திருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக தாள் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள். நில விவரத்தை எல்லாத் தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். வண்டிப் பட்டறை என்றால் கழிவு எண்ணெய்த் தொட்டி எங்கே என்று சுற்றுச்சூழல் ஆய்வில் கேட்பார்கள், வரைபடத்தில் முன்பே காட்டிவிடுங்கள். விண்ணப்பம் முழுமையாக வந்துவிட்டது என்று தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள். வணிகக் குத்தகைக்கு 60 நாள் கெடு இருக்கிறது, ஆனால் கையில் தேதி இல்லாவிட்டால் அதைக் காட்டிக் கேட்கவே முடியாது.

இப்போது பைன் ரிட்ஜிலேயே போர்க்குப்பைன் என்ற ஊரில் பேக்கரி வைக்க இரண்டு சகோதரிகள் முயல்கிறார்கள். பங்காளி ஒருவரின் கையெழுத்தோடு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் நில உரிமை அறிக்கையை முதலில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறோம். கடன் விண்ணப்பம் அதற்கப்புறம்தான்.