ஐந்தாம் இயலுக்கு முன்

ஜனவரி 5

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி உப்புநீரில் துருப்பிடிப்பதைப் பற்றிய என் ஆய்வேட்டின் இயல் பிரிப்பை இன்று ஏழாவது முறையாக மாற்றி எழுதினேன். முன்னுரை, முந்தைய ஆய்வுகள், சோதனை முறை, முடிவுகள், விவாதம், நிறைவுரை என்ற ஆறு இயல்களும் தாளில் ஒழுங்காகத்தான் நிற்கின்றன. ஆனால் யாருக்கும் அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போல, எந்த ஆய்வேட்டுக்கும் இதே பிரிப்பைப் போட்டுவிடலாம். நெறியாளர் கேட்பது வேறு. ஒவ்வோர் இயலும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தர வேண்டுமாம். மூன்று இயல்களுக்கு எழுதிவிட்டேன். நான்காம் இயலுக்கு எழுதியது வாக்கியமாக வரவில்லை, பட்டியலாக வந்தது. ஐந்தாம் இயலுக்கு நேராக ஒன்றுமே இல்லை.

ஜனவரி 6

பட்டியல் இன்னும் பட்டியலாகவே இருக்கிறது.

ஜனவரி 9

முன்னுரையிலிருந்துதான் தொடங்குவேன் என்று ஓராண்டாகப் பிடித்திருந்த பிடிவாதத்தை விட்டுவிட்டு, மூன்றாம் இயலைத் தொடங்கினேன். செய்து முடித்ததைச் சொல்வதற்குச் சிந்தனை வேண்டியதில்லை என்று நினைத்திருந்தது தவறு. ஒவ்வொரு வாக்கியமும் குறிப்பேட்டைத் திறக்க வைக்கிறது: சிமெண்டுக்கு நீர் என்ன விகிதம், கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் மூடுபடலம், எந்த மின்முனையை வைத்து அளந்தேன். செயப்பாட்டுவினையும் ஒரு விசித்திரமான வசதி. "மாதிரிகள் உப்புநீரில் வைக்கப்பட்டன" என்று எழுதிய உடனே, 24 கான்கிரீட் மாதிரிகளையும் தூக்கித் தூக்கி வைத்த தோள்வலி ஆய்வேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது.

மாலைக்குள் நான்கு பக்கங்கள். "எல்லா மாதிரிகளும் ஏழு நாள் நனைக்கப்பட்டு, ஏழு நாள் உலர்த்தப்பட்டன" என்ற வாக்கியம் தங்குதடையின்றி வந்ததில் ஒரு மகிழ்ச்சி.

ஜனவரி 17

இரண்டாம் இயலின் வரைவு திரும்பி வந்தது. முதல் பக்க ஓரத்தில் நெறியாளரின் கையெழுத்தில் ஒரே வரி: "இது ஆய்வு மதிப்பீடா, வருகைப் பதிவேடா?" படித்த கட்டுரைகளை எல்லாம் ஆண்டு வரிசையில் நிறுத்தி, இவர் இதைச் சொன்னார், அவர் அதைச் சொன்னார் என்று 38 பக்கங்கள் எழுதியிருந்தேன். மேற்கோள்களைத் திரட்டும் மென்பொருளான சோட்டேரோவில் சேர்த்து வைத்த ஒன்றைக்கூட விட மனம் வரவில்லை. படித்ததற்குச் சான்று காட்டும் ஆசையே அந்த இயலை எழுதியிருக்கிறது.

இன்று முழுவதும் அவற்றை ஆண்டுப்படி அல்லாமல் சச்சரவுப்படி பிரித்தேன். உப்பிலிருந்து வரும் குளோரைடு எவ்வளவு சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதுதான் பெரிய சச்சரவு. 2009இல் வந்த ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை, அதுவரை வெளியான அளவுகளை ஓரிடத்தில் திரட்டியபோது, அவை சிமெண்டின் எடையில் 0.04 விழுக்காட்டிலிருந்து 8.34 விழுக்காடு வரை பரந்து கிடந்தன. இருநூறு மடங்கு இடைவெளி. ஒரே பொருளை அளந்தவர்கள் இவ்வளவு வேறுபட்டிருக்கிறார்கள் என்றால், அளந்த முறைகளும் மாதிரிகள் இருந்த சூழலும் வேறு வேறு என்பதுதான் காரணமாக இருக்க முடியும். இந்த எண்கள் என் பழைய வரைவிலும் இருந்தன. 23ஆம் பக்கத்தில், முன்னும் பின்னும் இருந்த பெயர்களுக்கு நடுவில், எந்த ஆச்சரியமும் இல்லாமல்.

ஜனவரி 18

வருகைப் பதிவேடு என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. பொருத்தமான சொல் என்பதால்தான்.

ஜனவரி 26

நான்காம் இயல். வரைபடங்களை எல்லாம் ஒரே அளவில் மீண்டும் வரைந்தேன். 23 மாதிரிகள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. செம்பு–செம்பு சல்பேட்டு மின்முனையை வைத்து அளந்த கம்பியின் மின்னழுத்தம் −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் துரு நடந்துகொண்டிருப்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்கிறது தர விதி. அப்படி இறங்கியவற்றை உடைத்தபோது துரு இருந்தது. 17ஆம் மாதிரி மட்டும் எல்லாவற்றையும்விடக் கீழே, −500ஐயும் தாண்டி இறங்கிக் கிடந்தது. உடைத்துப் பார்த்தால் கம்பி பளிச்சென்று இருந்தது. அன்றே மின்முனையைச் சரிபார்த்தேன், இணைப்பைச் சரிபார்த்தேன், எதிலும் பிழை இல்லை.

அதை எந்த இயலில் வைப்பது? முடிவுகளில் வைத்தால் விளக்கம் கேட்பார்கள். விவாதத்தில் வைக்க என்னிடம் விளக்கம் இல்லை.

ஜனவரி 27

பின்னிணைப்பில் வைக்கலாம்.

ஜனவரி 28

பின்னிணைப்பிலும் வேண்டாம்.

பிப்ரவரி 4

மூன்றும் நான்கும் அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 7

பதில் இல்லை. பக்க எண்களையும் படத் தலைப்புகளையும் திருத்திக்கொண்டிருந்தேன். இது வேலை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நாள் முடிவில் ஏதோ முடிந்ததுபோல் இருக்கிறது.

பிப்ரவரி 9

இன்னும் பதில் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் முன்னுரையை எழுதிப் பார்த்தேன். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பற்றி மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ் 1990இல் முன்வைத்த மூன்று நகர்வுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்: முதலில் களத்தை நிறுவ வேண்டும், பிறகு அதில் உள்ள இடைவெளியைக் காட்ட வேண்டும், பிறகு அந்த இடைவெளியில் நாம் போய் நிற்க வேண்டும். முதல் நகர்வு எளிது. கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று தொடங்கினால் ஒன்றரைப் பக்கம் தானாக நகர்கிறது. இரண்டாவது நகர்வில் நின்றுவிட்டேன். என் இடைவெளி எது என்பதை எழுதும் வாக்கியம், ஐந்தாம் இயலுக்கு நான் எழுதாமல் விட்ட அதே வாக்கியம்.

பிப்ரவரி 14

பதில் வந்தது. நான்காம் இயலில் 61 குறிப்புகள். பெரும்பாலானவை சொல் திருத்தங்கள். காற்புள்ளியைப் பற்றியே ஒன்பது. நாற்பதாவது குறிப்பு: "அட்டவணை 4.3இல் 16க்குப் பிறகு 18 வருகிறது. தட்டச்சுப் பிழையா?"

பிழை இல்லை. நீக்கியது நான்தான். நீக்கியதை எங்கும் சொல்லவும் இல்லை. காதுமடல் வரை சூடேறியது. அந்தக் கேள்வியை அவர் எனக்கு ஒரு வழிவிட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. ஆம், தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிட்டு எண்களை மட்டும் வரிசைப்படுத்தியிருக்கலாம்.

இல்லை என்று எழுதி அனுப்பினேன். நீளமாக.

பிப்ரவரி 15

குறிப்பேட்டில், சோதனை தொடங்கிய மூன்றாம் வாரத்துப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்: "17 – தொட்டி அடியில். மேலே 16. எடுக்க வரவில்லை." அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அளந்திருக்கிறேன், ஒரு வாரமும் வெளியே எடுத்து உலர்த்தியதாகக் குறிப்பு இல்லை.

அதாவது மற்ற 23 மாதிரிகள் நனைந்து உலர்ந்துகொண்டிருந்தபோது, இது மட்டும் நீருக்கடியிலேயே கிடந்திருக்கிறது. கான்கிரீட்டின் துளைகள் முழுதும் நீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போவது மிகவும் மெதுவாகிவிடும். ஆக்சிஜன் இல்லாத கம்பியின் மின்னழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும்; ஆனால் துரு பெரிதாக வளராது. இது யாரும் அறியாத செய்தி அல்ல. என் இரண்டாம் இயலிலேயே, பழைய வரைவின் 31ஆம் பக்கத்தில், வருகைப் பதிவேட்டில், இரண்டு வரியாக இருந்தது. நானே எழுதி, நானே படிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாம் இயலில் உள்ள "எல்லா" என்ற சொல் பொய்.

பிப்ரவரி 16

"எல்லா" என்ற சொல்லை ஆய்வேடு முழுவதும் தேடினேன். 44 இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இதுவரை ஆறு நீங்கின.

பிப்ரவரி 18

நெறியாளரிடம் பேசினேன். கோபப்படவில்லை, அதுவே சற்றுக் கடினமாக இருந்தது. ஒரு மாதிரியை வைத்து ஓர் இயலை எழுத முடியாது என்றார். உப்பு அந்தக் கம்பியை எட்டவே இல்லை, அதனால்தான் துரு இல்லை என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வாய் என்றார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உடைத்த துண்டுகளில் குளோரைடு அளவை நான் பார்க்கவில்லை. விதிக்குப் பொருந்தாததை அளந்து என்ன ஆகப்போகிறது என்று அன்று நினைத்திருப்பேன்.

துண்டுகளை எறிந்தேனா, வைத்திருக்கிறேனா?

பிப்ரவரி 19

ஆய்வகத்தில் பைகளைத் தேடினேன். கிடைத்த பையின் சீட்டில் 17 என்று இருக்கிறதா, 11 என்று இருக்கிறதா என்பது தெளிவாக இல்லை. என் கையெழுத்துதான்.

பிப்ரவரி 20

11ஆம் மாதிரி நன்றாகத் துருப்பிடித்த ஒன்று. இந்தத் துண்டுகளில் கம்பி பதிந்திருந்த பள்ளம் சாம்பல் நிறமாகவே இருக்கிறது, ஒரு துளிக் கறைகூட இல்லை. 17தான். பள்ளத்தை ஒட்டிச் சுரண்டிப் பொடி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் இயலில் புதிய பத்தி ஒன்று சேர்த்தேன். அதில் செயப்பாட்டுவினை இல்லை: "17ஆம் மாதிரியை நான் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை."

பிப்ரவரி 21

சோதனை முடிவு வரவில்லை. ஐந்தாம் இயலுக்கான வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதி வைத்தேன். உப்பு கம்பியை எட்டியிருந்தால்: மின்னழுத்த அளவு எப்போது துருவைக் குறிக்காது? எட்டவில்லை என்றால்